வரிக்குக் கட்டிய கோயில்கள்

பஸ்தீல் கோட்டை வீழ்ந்தது 1789 ஜூலை 14 அன்று. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த தேதி. அதற்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகளில் பாரிஸின் எல்லையில் நடந்ததைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. நகரத்தைச் சுற்றிப் புதிதாக எழும்பியிருந்த சுங்கச் சுவரின் வாயில்களை மக்கள் ஒவ்வொன்றாகச் சூறையாடித் தீ வைத்தார்கள். கணக்குப் பேரேடுகள் எரிந்தன. மேசை நாற்காலிகள் தெருவுக்கு வந்தன. வரி கட்டாத சரக்கு தடுப்பாரில்லாமல் ஊருக்குள் போயிற்று. சிறைக்கோட்டைக்கு முன்னால் ஜனங்களின் கோபத்துக்கு இரையானவை வரி வாங்கிய கட்டடங்கள்தான்.

அந்த வாயில்களை வடிவமைத்தவர் க்ளோத்-நிகோலா லெதூ. பதினைந்தாம் லூயி, பதினாறாம் லூயி இருவர் காலத்திலும் அரசுப் பணியில் இருந்தவர். பிரெஞ்சு நவசெவ்வியல் கட்டடக்கலையில் முதல் வரிசைப் பெயர்களில் ஒன்று. ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து வியன்னா நகரக் கலை வரலாற்றாய்வாளர் ஒருவர் அவரைத் தூசு தட்டி எடுத்தார். அவர் சூட்டிய பட்டம் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘புரட்சிக் கட்டடக்கலைஞர்’. புரட்சி எரித்தது அவர் கட்டியதை; புரட்சி சிறையில் தள்ளியது அவரை; பட்டமோ புரட்சியின் பெயரில். விதியின் விளையாட்டு என்று சொல்லி இந்த முரணைக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. லெதூவின் கட்டடங்களில் எந்தக் குணம் அவர் காலத்து மக்களைக் கொதிக்க வைத்ததோ, அதே குணம்தான் பின்னால் வந்த ஆய்வாளர்களை மயக்கியது என்று தோன்றுகிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் அவருடைய தூண்களை அவற்றுக்குப் பணம் கொடுத்தவர்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லெதூ 1736இல் ஷாம்பாஞ் வட்டாரத்தின் தோர்மான் என்ற சிற்றூரில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே பழைய காலத்தில் ஏற்படுத்தப்பட்ட உதவித்தொகை ஒன்று அவரைப் பாரிஸில் உள்ள போவே கல்லூரிக்குக் கொண்டுபோயிற்று. லத்தீன் இலக்கியங்களை அங்கே கற்றார். வெளியே வந்ததும் வயிற்றுப்பாட்டுக்குச் செப்புத்தகட்டில் சித்திரம் செதுக்கும் வேலை பார்த்தார். பிறகு ஜாக்-பிரான்சுவா ப்ளோந்தெல் நடத்திய கட்டடக்கலைப் பள்ளியில் சேர்ந்தார். அந்தத் தலைமுறையின் பெரிய பெயர்கள் பலரும் படித்து வந்த இடம் அது.

செதுக்கு வேலையைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. அக்காலத்தில் வாய்ப்புள்ள பிரெஞ்சுக் கட்டடக்கலைஞன் ரோமுக்குப் போவான். இடிபாடுகளை அளந்து வருவான். லெதூ ரோமுக்குப் போகவே இல்லை. பழைய ரோமையும் கிரேக்கத்தையும் அவர் அறிந்ததெல்லாம் அச்சுப் படங்களின் வழியாக. ஹெர்குலேனியம், பொம்பெய் அகழ்வாய்வுச் செய்திகள் ஐரோப்பாவைக் கிறுகிறுக்க வைத்துக்கொண்டிருந்த நேரம். தென் இத்தாலியில் பெஸ்டம் என்ற இடத்தில் நிற்கும் கிரேக்கக் கோயில்களின் படங்களும் பரவின. அடிப்பீடம் இல்லாமல் நேரே தரையிலிருந்து எழும் குட்டையான, பருத்த தூண்கள். நாசூக்குக்குப் பழகிய பிரெஞ்சுக் கண்ணுக்கு அவை முரட்டுத்தனமாகத் தெரிந்தன. இத்தாலியச் செதுக்கோவியர் பிரானேசியின் படங்களோ நிழலையும் பருமனையும் ஊதிப் பெருக்கிக் காட்டின. கல்லைத் தொட்டுப் பார்த்தவனுக்கு அதன் அளவு கட்டுப்பாடு விதிக்கும். படத்தில் பார்த்தவனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. லெதூவின் தூண்கள் எப்போதும் ஒரு சுற்றுப் பெருத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1762இல் பாரிஸின் சேந்த்-ஒனோரே தெருவில், ராணுவ அதிகாரிகள் கூடும் ஒரு காபி விடுதிக்கு உள் அலங்காரம் செய்யும் வேலை கிடைத்தது. ஈட்டிகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துத் தூணாக நிறுத்தினார். தூணின் தலையில் இறகு சூடிய தலைக்கவசம். உள்ளே நுழைகிறவனுக்கு இது யாருடைய இடம் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மரப்பலகைகள் இன்று பாரிஸின் கார்னவாலே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு கட்டடம் தன் வேலை என்னவென்று தானே உரக்கச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் 26 வயதிலேயே அவரிடம் குடிகொண்டுவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் போக்குக்குப் ‘பேசும் கட்டடக்கலை’ என்று கேலியாக ஒரு பெயர் வந்தது. கேலி மறைந்து பெயர் நிலைத்தது.

அந்த விடுதிக்குப் பிறகு வாய்ப்புகள் குவிந்தன. நீர்-வனத் துறையின் பொறியாளராகக் கிராமங்களுக்குப் பாலம், தேவாலயம், ஊருணி என்று கட்டிக்கொடுத்தபடியே தலைநகரில் பணக்காரர்களுக்கு மாளிகைகளும் எழுப்பினார். நாட்டியக்காரி மரி-மதலேன் கிமாருக்கு அவர் கட்டிய வீட்டின் முகப்பில், நடன தேவதை தெர்ப்சிகோரே முடிசூடிக்கொள்ளும் சிற்பம் இருந்தது. உள்ளே சுமார் 500 பேர் அமரும் சொந்த நாடக அரங்கு. பணம் வற்றியபோது, 1786இல், கிமார் அந்த வீட்டையே லாட்டரிச் சீட்டு போட்டு விற்றார். கட்டடக்கலை வரலாற்றில் இப்படிக் கைமாறிய வீடுகள் அதிகம் இருக்காது.

வாழ்க்கையைத் திருப்பிய வாடிக்கையாளர் மதாம் து பாரி, பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி. லூவ்சியென் என்ற இடத்தில் சேன் நதியைப் பார்க்கும் மேட்டில் ஒரு சிறிய விருந்து மாளிகையை லெதூ அவருக்காக எழுப்பினார். 1771 செப்டம்பரில் அரசர் முன்னிலையில் நடந்த முதல் விருந்தை மோரோ என்ற ஓவியர் நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார். அந்த மாளிகைக்கென்று ஃப்ராகொனார் தீட்டிய காதல் ஓவிய வரிசையை அம்மையார் திருப்பி அனுப்பினார் என்பது கலை வரலாற்றில் பிரபலமான கிளைக்கதை; அவை இப்போது நியூயார்க்கின் ஃப்ரிக் காட்சியகத்தில் உள்ளன. லெதூவின் சுத்தமான, நேர்கோட்டுச் சுவர்களுக்கு அந்தப் பூவும் கொடியும் பொருந்தவில்லை என்று பலர் விளக்குகிறார்கள். இருக்கலாம். நமக்கு முக்கியமான செய்தி வேறு. விருந்து நடந்த அதே மாதத்தில் லெதூ அரசு உப்பாலைகளின் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார். 1773இல் அரசு கட்டடக்கலைக் கழகத்தின் உறுப்பினரானார். நாட்டியக்காரிகளுக்கும் ஆசைநாயகிகளுக்கும் கட்டியவர் இனி உப்புக்குக் கட்ட வேண்டும்.

உப்பு என்றால் நமக்குக் கடலும் வெயிலும் பாத்தியும்தான் மனத்தில் எழும். கிழக்கு பிரான்ஸின் ஃப்ரான்ஷ்-கோம்தே மாகாணத்தில் கடலும் கிடையாது, அந்த அளவு வெயிலும் கிடையாது. பூமிக்கு அடியிலிருந்து வரும் உவர் ஊற்றுநீரை அகன்ற இரும்புக் கொப்பரைகளில் ஊற்றி, இரவும் பகலும் விறகு எரித்துக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். சலேன் என்ற ஊரில் இந்தத் தொழில் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்தது. ஊற்று வற்றவில்லை, சுற்றியிருந்த காடுதான் தீர்ந்துபோயிற்று. தொலைவிலிருந்து மரத்தை இழுத்து வருவதைவிட, மரம் இருக்கும் இடத்துக்கு நீரைக் கொண்டுபோவது மலிவு என்று கணக்குப் போட்டார்கள். ஷோ என்ற பெருங்காட்டின் ஓரத்தில், ஆர்க், செனான் என்ற இரண்டு கிராமங்களுக்கு நடுவே இடம் தேர்வாயிற்று. சலேனிலிருந்து அங்கே 21 கிலோமீட்டர். ஃபிர் மரத்தண்டுகளை நடுவில் குடைந்து ஒன்றோடொன்று பொருத்திய குழாய் வரிசை வழியாக உவர்நீர் ஓடிவந்தது. வழிநெடுகக் காவல் சாவடிகள். குழாயைத் துளைத்து உவர்நீரைத் திருடி, வீட்டிலேயே காய்ச்சி உப்பெடுப்பவர்களைப் பிடிக்க அந்த ஏற்பாடு.

உவர்நீரைத் திருடும் அளவுக்கு உப்பில் என்ன இருக்கிறது? வரி இருக்கிறது. ‘கபெல்’ என்ற உப்பு வரி பழைய பிரான்ஸில் மக்கள் மிகவும் வெறுத்த வரிகளில் ஒன்று. மாகாணத்துக்கு மாகாணம் அதன் சுமை மாறியது. மிகக் கொடுமையாக இருந்த பகுதிகளில் எட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் ஆண்டுக்குக் குறிப்பிட்ட அளவு உப்பை அரசு விலைக்கு வாங்கியே ஆகவேண்டும். வசூலிக்கும் உரிமையை ஃபெர்ம் ஜெனரால் என்ற நிதிப் பிரபுக்களின் கூட்டு குத்தகைக்கு எடுத்திருந்தது. அரசுக்கு மொத்தத் தொகையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மக்களிடம் அதைவிட அதிகமாகக் கறப்பது அவர்கள் தொழில். சொந்த ஆயுதக் காவலர் படையும் அவர்களிடம் இருந்தது. ஆக, உப்பாலை என்பது உற்பத்திச் சாலையும் கருவூலமும் சேர்ந்த ஒன்று. அதற்கு மதிற்சுவர் வேண்டும், காவல் வேண்டும், ஒரே ஒரு வாசல் வேண்டும்.

லெதூ முதலில் போட்ட திட்டம் சதுரம். நாற்புறமும் கட்டடங்கள், நடுவே முற்றம், குறுக்கே தூண்கள் தாங்கிய நடைபாதைகள். இத்தனை தூண்கள் எதற்கு, அவை கோயில்களுக்கும் அரண்மனைகளுக்கும் அல்லவா உரியவை என்று அரசரே கேட்டதாகச் சொல்வார்கள். அந்தத் திட்டம் தள்ளுபடியாயிற்று. இரண்டாவது திட்டத்தில் சதுரம் உடைந்து அரைவட்டமானது. விட்டம் 370 மீட்டர். விட்டக்கோட்டின் நடுவில் இயக்குநர் வீடு. அதன் இருபுறமும் உப்புக் காய்ச்சும் நீண்ட கூடங்கள். வளைவின் மேல், ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடைவெளி விட்டு, பீப்பாய் செய்பவர்கள், கொல்லர்கள், உப்புத் தொழிலாளர்கள் வசிக்கும் கட்டடங்கள். வளைவின் உச்சியில், இயக்குநர் வீட்டுக்கு நேர் எதிரே, நுழைவாயில். கட்டடங்களைப் பிரித்து வைத்ததற்கு அழகோடு நடைமுறைக் காரணமும் உண்டு: ஓரிடத்தில் தீ பிடித்தால் அடுத்ததற்குத் தாவாது; காற்றோட்டமும் கிடைக்கும். வேலை 1775இல் தொடங்கி 1779இல் முடிந்தது. தூண்களைக் குறைக்கச் சொன்னவர் அதைப் பார்க்கவில்லை. பதினைந்தாம் லூயி 1774 மே மாதமே அம்மையில் இறந்துவிட்டார்.

நுழைவாயிலைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பெஸ்டம் கோயிலை நினைவூட்டும் பருத்த தூண்கள், அடிப்பீடமில்லாமல் தரையிலிருந்து நேரே எழுகின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒழுங்கான சுவரை எதிர்பார்த்துப் போனால், கரடுமுரடான பாறைகளை அடுக்கிய குகை நிற்கிறது. கதவு அந்தக் குகைக்குள். கிரேக்கக் கோயிலுக்குள் நுழைந்து பூமியின் வயிற்றுக்குள் இறங்குவதுபோல ஒரு கணம். உப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கல் சொல்லிவிடுகிறது. சுவர்களில் சாய்ந்த கலயங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் கெட்டியான திரவம் வழிந்து, பாதி வழியில் உறைந்து நிற்கிறது. உவர்நீர் உப்பாகும் நொடி அது. செதுக்குவேலை பழகிய கையின் குறும்பு என்று சொல்லலாம். பரோக் காலத்துப் பூங்காக்களில் கலயத்திலிருந்து நீர் கொட்டும் சிற்பம் சாதாரணம். அந்தப் பழைய அலங்காரத்தைத் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டி, நீரை உறைய வைத்து, அதை உற்பத்தியின் விளக்கப்படமாக மாற்றிவிட்டார்.

இயக்குநர் வீட்டுத் தூண்கள் இன்னும் விசித்திரமானவை. ஒரு கல் சதுரம், அதன்மேல் ஒன்று உருளை, மீண்டும் சதுரம் என்று மாறிமாறி அடுக்கியவை. வெயில் படும்போது ஒவ்வொரு சதுரக் கல்லும் தன் கீழுள்ள உருளையின் மேல் கூர்மையான நிழலை வீசும். வீட்டுக்கு உள்ளே தேவாலயம் இருந்தது. படிக்கட்டின் உச்சியில் பலிபீடம். கீழ்ப்படிகளில் நின்று தொழிலாளர்கள் அண்ணாந்து பார்த்து ஜெபிக்க வேண்டும். ஆண்டவனும் மேலதிகாரியும் ஒரே கூரையின் கீழ், ஒரே திசையில்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ 1975இல் வெளியான தன் சிறை வரலாற்று நூலில், மையத்திலிருந்து எல்லாவற்றையும் கண்காணிக்கும் அதிகாரத்துக்கு இந்த உப்பாலையை ஓர் எடுத்துக்காட்டாகக் காட்டினார். அதன்பின் ஆர்க்-எ-செனான் உப்பாலை பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த மையக் கண்ணைப் பற்றி எழுதியாக வேண்டிய நிலை. வரைபடத்தைப் பார்த்தால் வாதம் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்புக் கூடங்கள் மூடிய கட்டடங்கள். உள்ளே புகையும் நீராவியும். இயக்குநர் வீட்டின் சன்னலிலிருந்து தெரிவது முற்றத்தில் நடப்பவர்கள் மட்டுமே. உண்மையான கட்டுப்பாடு கண்ணில் இல்லை. மதிலிலும் ஒற்றை வாசலிலும், வெளியே போகிறவர்களைச் சோதித்த காவலரிடத்திலும் இருந்தது. அதே சமயம் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் பின்னால் காய்கறித் தோட்டங்களை லெதூ ஒதுக்கியிருந்தார். ஒவ்வொரு கட்டடத்தின் நடுவிலும் எல்லோருக்கும் பொதுவான அடுப்புக்கூடம். இதைக் கருணை என்று கொண்டாடுபவர்கள் உண்டு. குறைந்த கூலியைச் சரிக்கட்டும் உத்தி என்பவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்று யார் சொன்னது?

பெசான்சோன் நகர நாடக அரங்கம், 1784இல் திறந்தது, லெதூவின் மனத்தின் வேறொரு பக்கம். அதுவரை பெரும்பாலான பிரெஞ்சு அரங்குகளில் கீழ்த்தளத்து ரசிகர்கள் நின்றுகொண்டே பார்த்தார்கள். லெதூ அவர்களுக்கும் இருக்கை போட்டார். ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரில் ஒட்டிய பெட்டிகளைக் குறைத்து, அரைவட்டமாக ஏறிச்செல்லும் படிவரிசைகளில் எல்லோரும் மேடையைப் பார்க்கும்படி அமைத்தார். வர்க்க வரிசை மறையவில்லை, விலைக்கேற்ற இடம்தான். இருந்தாலும் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் நாடகம் தெரிய வேண்டும் என்பது அந்தக் காலத்துக்குப் புதிது. வாத்தியக்காரர்களை மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் இறக்கி மறைத்தார். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் பைராய்த்தில் இதைச் செய்து பேர் வாங்குவதற்குச் சுமார் 90 ஆண்டுகள் முன்பு. இந்த அரங்குக்காக லெதூ செதுக்கிய ஒரு படம் புகழ்பெற்றது: ஒரே ஒரு பிரம்மாண்டக் கண். கருவிழிக்குள் காலியான அரங்கின் இருக்கை வரிசைகள் வளைந்து தெரிகின்றன; மேலிருந்து ஒரு ஒளிக்கற்றை குறுக்கே பாய்கிறது. கண்ணுக்குள் அரங்கம் பிரதிபலிக்கிறதா, கண் வழியாக அரங்கத்தைப் பார்க்கிறோமா என்று சொல்ல முடியாது. 1958இல் தீ விபத்தில் அரங்கின் உட்புறம் முழுவதும் போய்விட்டது. இன்று அந்த அரங்கத்தை உணர அந்தக் கண்தான் மிச்சம்.

இனி சுவருக்கு வருவோம். பாரிஸுக்குள் வரும் ஒயின், இறைச்சி, விறகு போன்ற சரக்குகளுக்கு அன்று நுழைவு வரி இருந்தது. நகரம் தன் பழைய எல்லைகளைத் தாண்டிப் பரவிவிட்டதால் கடத்தல் எளிதாகிவிட்டது. சுற்றிலும் ஒரு சுவர் கட்டினால் இழப்பை நிறுத்தலாம் என்று யோசனை சொன்னவர் நவீன வேதியியலின் தந்தை லவாய்சியர். அவரும் ஃபெர்ம் ஜெனரால் பங்காளிகளில் ஒருவர். நிதி அமைச்சர் கலோன் ஒப்புதல் கொடுத்தார். 1780களின் நடுவில் வேலை தொடங்கியது: 24 கிலோமீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம், ஐம்பதுக்கும் மேற்பட்ட வாயில்கள். வாயில்கள் லெதூவிடம் ஒப்படைக்கப்பட்டன.

நாலு எழுத்தர்களும் சில காவலர்களும் உட்கார ஒரு அறை போதும் என்ற இடத்தில் லெதூ நினைத்தது ஏதென்ஸ் அக்ரோபொலிஸின் வாயில் மண்டபத்தை. பாரிஸுக்குள் நுழைகிறவன் முதலில் பார்ப்பது கௌரவமானதாக இருக்க வேண்டுமாம். ஒரு வாயில் வட்டக் கோயில், இன்னொன்று கிரேக்கச் சிலுவை வடிவம், மற்றொன்று தூண்கள் சூழ்ந்த மண்டபம், ஒன்றைப்போல் ஒன்றில்லை. முரட்டுக் கல், பெருத்த தூண், கனத்த வளைவு. சில ஆண்டுகளுக்குள் ஒரு தனி மனிதர் இத்தனை விதமான பொதுக் கட்டடங்களைக் கற்பனை செய்தது வியப்புக்குரியதுதான். ஆனால் வண்டியில் முட்டைக்கோஸ் ஏற்றி வரும் விவசாயிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? வரி வாங்குபவனுக்குக் கோயில்! பாரிஸ் வாழ்க்கையைப் பக்கம் பக்கமாக எழுதிய லூயி-செபாஸ்தியன் மெர்சியே, வரிக்காரனின் பொந்துகள் தூண் வைத்த அரண்மனைகளாகிவிட்டன என்று கொதித்தார். சுவரைப் பற்றிச் சிலேடைகள் ஊரெங்கும் உலவின. கட்டடக்கலைக் கோட்பாட்டாளர் காத்ருமேர் த கேன்சி தூண்களை இப்படிச் சித்திரவதை செய்யலாமா என்று இலக்கணம் பேசினார். செலவு எகிறியது. 1787இல் பணி இடைநிறுத்தப்பட்டது; 1789இல் நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர் லெதூவை வீட்டுக்கு அனுப்பினார். இதில் ஒரு சின்ன வேடிக்கை: லெதூவின் ஆரம்பகால வேலைகளில் ஒன்றான அல்வில் மாளிகையில் முன்பு குடியிருந்தவர் இதே நெக்கர்.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. வாயில்களை எளிமையான செங்கல் அறைகளாகக் கட்டியிருந்தாலும் வரியின் மேல் கோபம் இருந்திருக்கும், தீயும் வைத்திருப்பார்கள். ஆனால் கட்டடம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும் என்ற லெதூவின் கொள்கை இங்கே முழுமையாக வெற்றி பெற்றுவிட்டது. அதுவரை வரி ஒரு சீட்டில், ஒரு எழுத்தரின் குரலில், ஒரு பீப்பாயின் மேல் குத்திய முத்திரையில் இருந்தது. லெதூ அதற்கு முகமும் உடலும் கொடுத்தார். நகரத்தின் ஐம்பது இடங்களில் நின்று அது ‘நான்தான் அதிகாரம்’ என்றது. மக்களுக்கு நன்றாகவே கேட்டது.

புரட்சி அதற்குப் பிறகு அவரை விடவில்லை. 1792இல் மனைவி இறந்தார். 1793 நவம்பரில் கைதாகி லா ஃபோர்ஸ் சிறைக்குப் போனார். 1794 மே 8 அன்று லவாய்சியர் உட்பட 28 ஃபெர்ம் ஜெனரால் பிரபுக்கள் ஒரே நாளில் தலை இழந்தார்கள். அதே ஆண்டு ஜூன் மத்தியிலிருந்து ஜூலை இறுதி வரை கில்லட்டின் லெதூ கட்டிய த்ரோன் வாயிலுக்கு அருகே நின்றது. அங்கே மட்டும் 1,306 பேர் வெட்டுண்டார்கள். மதாம் து பாரி ஏற்கெனவே 1793 டிசம்பரில் போய்விட்டார். லெதூ மட்டும் தப்பினார். 1795 தொடக்கத்தில் வெளியே வந்தபோது வயது 58. வாடிக்கையாளர்களில் பலர் உயிரோடு இல்லை, மற்றவர்கள் நாட்டில் இல்லை.

கட்டுவதற்கு எதுவும் இல்லாதவர் செப்புத்தகடுகளுக்குத் திரும்பினார். 1804இல் அவர் சொந்தச் செலவில் கொண்டுவந்த பெரிய நூல், கலை, ஒழுக்கம், சட்டம் மூன்றோடும் சேர்த்துக் கட்டடக்கலையை ஆராய்வதாகத் தலைப்பிலேயே அறிவித்தது. 125 படத்தகடுகள். உரைநடையைப் படிப்பது தண்டனை என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பழி நியாயமானதே. படங்கள் வேறு கதை. ஆர்க்-எ-செனான் அரைவட்டம் இங்கே முழு வட்டமாகிவிட்டது; அதைச் சுற்றி ‘ஷோ’ என்ற கற்பனை நகரம். ஆற்றைக் கண்காணிக்கும் அதிகாரியின் வீடு படுக்க வைத்த உருளை. ஆறே அதன் நடுவே புகுந்து வெளியே அருவியாகக் கொட்டுகிறது. பீப்பாய் செய்பவன் வீடு பீப்பாய் வளையங்களின் வடிவம். வயல் காவலர்களின் வீடு முழுக் கோளம். இளைஞர்களின் காமத்தைப் பார்க்கவைத்தே வெறுக்கச் செய்து திருத்துவதற்கான இல்லம் ஒன்றும் உண்டு. அதன் தரைப்பட வடிவத்தைப் பற்றிப் பேராசிரியர்கள் இன்றும் சற்றுத் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

அந்த 125இல் என்னை நிறுத்திவைக்கும் தகட்டில் கட்டடமே இல்லை. ‘ஏழையின் புகலிடம்’ என்று தலைப்பு. நீரோரத்தில் ஒரு மரம். அதன் கீழே ஆடையில்லாத ஒரு மனிதன் உட்கார்ந்து கைகளை மேலே நீட்டுகிறான். வானத்து மேகங்கள் விலகி, கிரேக்கத் தெய்வங்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. கட்டடக்கலைஞன் ஏழைக்கும் கடன்பட்டவன் என்பது சொல்ல வந்த கருத்து. ஏழைக்கு மரம், தெய்வங்களுக்கு மேகம், உப்பு இயக்குநருக்குத் தூண் வரிசை என்றும் அந்தப் படத்தைப் படிக்கலாம். லெதூ அதை உத்தேசித்தாரா என்பது வேறு விஷயம்.

இந்தக் கற்பனை நகரம் எப்போது பிறந்தது என்பது சாதாரணக் கேள்வி இல்லை. எல்லாம் உப்பாலைக் காலத்திலேயே மனத்தில் இருந்தவை என்ற தோற்றத்தை நூல் தருகிறது. உண்மையாக இருந்தால், அரசருக்கு வேலை பார்த்துக்கொண்டே ரகசியமாகப் புதிய சமுதாயத்தை வரைந்த தீர்க்கதரிசி அவர். கட்டடக்கலை வரலாற்றாய்வாளர் வோல்ஃப்காங் ஹெர்மான் 1960இல் தகடுகளின் காலவரிசையை ஆராய்ந்து, துணிச்சலான வடிவங்கள் பல பிற்காலத்தவை என்றும், ஆரம்பகாலக் கட்டடங்களைக்கூட நூலுக்காக லெதூ திருத்தி வரைந்தார் என்றும் வாதிட்டார். எனக்கு ஹெர்மானின் பக்கமே நியாயமாகப் படுகிறது. பெயர் கெட்டுப்போன ஒருவர், தன் பழைய வேலைகளைப் புதிய காலத்துக்கு ஏற்றபடி சுத்தம் செய்து எடுத்துவைக்கிறார். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. புரட்சிக்கு முந்தைய வரிக் கட்டடக்கலைஞரைப் புரட்சிக்குப் பிந்தைய சமுதாயச் சிற்பியாக மாற்றும் மனு என்றே அந்த நூலின் பெரும்பகுதியைப் படிக்க முடியும். நூலை அவர் சமர்ப்பித்ததோ ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தருக்கு!

1806 நவம்பரில் லெதூ இறந்தார். புரட்சி ஒழித்திருந்த உப்பு வரியை நெப்போலியன் அதே ஆண்டு திரும்பக் கொண்டுவந்திருந்தான்.

கட்டடங்களின் பிற்கால வாழ்க்கை கட்டியவருடையதைவிடக் குழப்பமானது. பாரிஸ் எல்லை விரிந்தபோது, 1860இல் சுவர் இடிக்கப்பட்டது. வாயில்களில் நான்கு இடங்களில் மட்டும் மிச்சம். லா வில்லெத் வட்டக் கோயில் முதலில் காவலர் குடியிருப்பு, பிறகு 1921 வரை உப்புக் கிடங்கு. உப்பு அவரை விடுவதாக இல்லை. ஆர்க்-எ-செனான் 1895இல் மூடப்பட்டது. ரயிலில் வந்த கடல் உப்போடு அதனால் போட்டியிட முடியவில்லை. 1918இல் மின்னல் தாக்கி இயக்குநர் வீடு எரிந்தது. நினைவுச்சின்னமாக அறிவிக்கும் பேச்சு எழுந்தபோது, 1926 ஏப்ரலில், வெடி வைத்து அதன் ஒரு பகுதியைத் தகர்த்தார்கள். மறு ஆண்டு தூ மாவட்ட நிர்வாகம் வாங்கிக் காப்பாற்றியது. 1941 முதல் 1943 வரை அங்கே ரோமா மக்களைக் குடும்பம் குடும்பமாக அடைத்து வைத்திருந்தார்கள். மதிலும் ஒற்றை வாசலும் ஏற்கெனவே இருந்தன. புதிதாக எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. 1982இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

தொடக்கத்தில் சொன்ன வியன்னா ஆய்வாளர் எமீல் காஃப்மான் 1933இல் எழுதிய சிறு நூலின் தலைப்பே லெதூவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நவீனக் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே வரை ஒரு கோடு போட்டது. கோளம், உருளை, கனசதுரம். தனித்தனியே நிற்கும் கட்டடங்கள். தன்னாட்சி கொண்ட வடிவம். அதில் அவர் நவீனத்தின் பிறப்பைக் கண்டார். நாஜிகள் வந்ததும் யூதரான காஃப்மான் ஊரை விட்டு ஓடி அமெரிக்கா சேர்ந்தார். 1952இல் சமகாலத்தவர்களான புல்லே, லெதூ, லெக்கு மூவரையும் ‘புரட்சிக் கட்டடக்கலைஞர்கள்’ என்று சேர்த்து எழுதினார். அதே கோளத்தைப் பார்த்து இன்னொரு கலை வரலாற்றாய்வாளரான ஹான்ஸ் செடல்மாயர், மனிதன் தரையையும் மையத்தையும் இழந்த நோயின் அறிகுறி என்றார். ஒருவர் விடுதலை என்றது இன்னொருவருக்குச் சீரழிவு. இருவருமே அந்த வடிவத்தைக் காகிதத்திலிருந்து படித்தார்கள். அதற்குக் கீழே ஓடிய உவர்நீரையும் வசூல் கணக்கையும் விட்டுவிட்டார்கள்.

இப்படிப் பிரித்தெடுத்த வடிவம் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு டெக்சாஸில் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிலிப் ஜான்சன் ஹூஸ்டன் பல்கலைக்கழகக் கட்டடக்கலைக் கல்லூரிக்கு, ஷோ நகரத்துக்காக லெதூ வரைந்த கல்வி இல்லத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்து 1980களின் நடுவில் கட்டினார். உச்சியில் தூண் வரிசை சூழ்ந்த சிறு கோயிலும் உண்டு. நேர்த்தியான கட்டடம். ஆனால் அந்தத் தூண்களுக்குக் கீழே யாரும் உப்பு காய்ச்சவில்லை, வரி கட்டவில்லை. அவை எதைப் பற்றியும் பேசவில்லை.